சணல் கட்டுக்குள் கிடந்த பதில்கள்: பெங்களூரிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளின் உள்தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்கள்

ஐயா, அம்மா,

வணக்கம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாணவர்கள் நிரப்பவேண்டிய கருத்துப் படிவங்களை நான் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். ஒன்றிரண்டு இல்லை. 3 வருடத்துப் படிவங்களை 4 இரவில்.

நகரின் நடுவில் அரசு உதவி பெறும் ஓர் எய்டட் கல்லூரியில் எஸ்.டி.ஏ.வாக, அதாவது இரண்டாம் நிலை எழுத்தராகச் சேர்ந்து, எஃப்.டி.ஏ. என்ற முதல் நிலை எழுத்தராகி, அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம். அன்று இருந்தவர்களில் யாரும் இப்போது அங்கே இல்லை, இருப்பவர்களைச் சங்கடப்படுத்துவானேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் தேசிய அமைப்பான நாக் (NAAC) அனுப்பும் குழு வருவதற்கு 10 நாள் இருந்தது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு ஃபைல் தயாராகிக்கொண்டிருந்தது. மாணவர் கருத்து என்று எழுதிய ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரு வெற்றுப் படிவமும் ஒரு சுற்றறிக்கையும்தான் இருந்தன. பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் அட்டெண்டரைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே 600 படிவம் ஜெராக்ஸ் எடுத்து வந்துவிட்டோம்.

அந்த வேலையிலும் ஒரு தொழில்சுத்தம் இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். 3 பேர், 4 நிறப் பேனா. எல்லாவற்றிலும் 'மிக நன்று' போட்டால் சந்தேகம் வரும் என்று பத்துக்கு ஒன்றில் 'சுமார்' போட்டோம். கேன்டீனுக்கு மட்டும் தாராளமாக 'மோசம்' போட்டோம், அதனால் யாருக்கும் வலிக்காது. பழைய வருடத்துத் தாள் பழசாகத் தெரியவேண்டுமே என்று அட்டெண்டர் ஒரு கட்டைத் தரையில் பரப்பிச் செருப்புக் காலால் தேய்த்தார். விடிகாலையில் அல்சூர் ஏரிப் பக்கம் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். குழு வந்தது. கட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். கனமாக இருந்தது போலிருக்கிறது, அப்படியே வைத்துவிட்டார்கள்.

இதைத் தமிழில் எழுதுகிறானே, ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதினால் நேராக நம்ம மேசைக்கு வருமே என்று நினைக்கலாம். அலுவலகக் கன்னடத்தில் 30 வருடம் குறிப்பு எழுதியவன்தான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது வீட்டு மொழிதான் வருகிறது. அதோடு உங்களில் பல பேர் தமிழர்கள். ஓசூரிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் பிள்ளைகளை உங்களிடம் அனுப்பும் பெற்றோர்களும் இதைப் படிக்கட்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் அந்த 4 இரவில் இரண்டாவது இரவு நடந்தது.

பழைய தாள் ஏதாவது கிடைக்குமா என்று ஸ்டோர் ரூமுக்குள் போனேன். உடைந்த டெஸ்க்குகள், 1990களின் வருகைப் பதிவேடுகள், துருப்பிடித்த ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். அதற்குப் பின்னால் சணல் கயிற்றில் கட்டிய 3 கட்டுகள். அவிழ்த்துப் பார்த்தால் நிஜமான கருத்துப் படிவங்கள்! நாக் கேட்ட வருடங்களுக்கு முந்தையவை. எங்களிடம் அப்போது இளவயதில் ஒரு வரலாற்று விரிவுரையாளர் இருந்தார். யாரும் கேட்காமலே, தன் சொந்த ஆர்வத்தில், 3 வருடம் தொடர்ந்து எல்லா வகுப்பிலும் படிவம் கொடுத்து வாங்கி, வருடம் போட்டுக் கட்டி அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறார். வாங்கி வைத்ததற்கான கையெழுத்து என்னுடையதுதான். பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

பொய்ப் படிவம் நிரப்பப் போனவன், நிஜப் படிவங்களை விடியும்வரை படித்துக்கொண்டிருந்தேன். பாதி கன்னடத்தில், கொஞ்சம் ஆங்கிலத்தில், மிச்சம் தமிழிலும் உருதுவிலும். (உருது மட்டும் எனக்குப் படிக்க வராது. மறுநாள் நூலக உதவியாளரிடம் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன்.) நாங்கள் இட்டுக்கட்டி எழுதிக்கொண்டிருந்த 'மேலும் நவீன வசதிகள் தேவை' போன்ற வாக்கியம் அதில் ஒன்றுகூட இல்லை. நிஜ மாணவன் அப்படி எழுதமாட்டான். "மேடம் போர்டில் எழுதிவிட்டு அதை மறைத்துக்கொண்டே நிற்கிறார்." "நூலகம் 4 மணிக்கு மூடுகிறது, எங்கள் ப்ராக்டிகல் 4 மணிக்குத்தான் முடிகிறது." "பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நிற்கவேண்டியிருக்கிறது." இந்தக் கடைசி வாக்கியம் 3 வருடக் கட்டிலும் இருந்தது. வேறு வேறு கையெழுத்தில்.

அப்புறம் ரயில் விஷயம். "முதல் பீரியட் 8.30. மாரிகுப்பம் வண்டி கன்டோன்மென்ட் வந்து சேர்வதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடுகிறது. தினமும் ஆப்சென்ட் விழுகிறது." எண்ணிப் பார்த்தேன், 3 கட்டிலும் சேர்த்து 14 பேர் இதையே எழுதியிருந்தார்கள்.

என் வயிற்றைக் கலக்கியது இதுதான். மாரிகுப்பம் என்பது தங்கவயல் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001-ல் மூடியது. அதன்பிறகு அந்த ஊரில் பாதி விடிவதற்கு முன்னாலேயே ரயிலேறிப் பெங்களூருக்கு வருகிறது, வேலைக்கும் படிப்புக்கும். எங்கள் கல்லூரியிலும் அந்தப் பிள்ளைகள் நிறைய. 75 சதவீத வருகை இல்லாதவர்களின் ஷார்டேஜ் பட்டியலை ஒவ்வொரு வருடமும் தட்டச்சு செய்தவன் நான். அதில் தங்கவயல் பெயர்கள் எப்போதும் அதிகம். "அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன், இத்தனைக்கும் தங்கவயலில் பெண் எடுத்தவன். ஒருமுறை ஒரு பெண்ணுக்கு ஹால் டிக்கெட் நிறுத்திவைத்தார்கள். அவளுடைய அப்பா, முன்னாள் சுரங்கத் தொழிலாளி, கவுண்டருக்கு வெளியே நின்று, "சார், புள்ள 4 மணிக்கு எழுந்து எல்லாருக்கும் சமைச்சு வெச்சிட்டு வண்டி ஏறுது சார்" என்றார். நான் விதிமுறைத் தாளை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. மறுவருடம் வரவேயில்லை.

அவள் எழுதிய படிவமும் அந்தக் கட்டில் இருந்திருக்கலாம். பெயர் கேட்காத படிவம், அதனால் தெரியாது.

அடுத்த வருடம் ஓர் அம்மையார் பிரின்சிபாலாக வந்தார். கெமிஸ்ட்ரிக்காரர், எதையும் அளந்து பார்க்கும் ஆள். நான் 3 கட்டையும் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். பொய்க் கட்டு விவகாரத்தையும் சொல்லிவிட்டேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். அப்புறம் 2 வாரம் தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கட்டும் நான் ஒரு கட்டுமாகப் படித்தோம். ஜூன் மாதம் புது டைம்டேபிள் வந்தபோது முதல் பீரியட் 9.10. அதற்குப் பதில் மதிய இடைவேளையில் 15 நிமிடம் போயிற்று, கடைசி பீரியட் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. 2 பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். 3 பக்கம் வந்துகொண்டிருந்த ஷார்டேஜ் பட்டியல் அந்த வருடம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு ஆன செலவு, ஆணியோடு சேர்த்து, 80 ரூபாய். வவுச்சர் போட்டவன் நான். 3 வருடம் கேட்டுக் கிடைக்காத 80 ரூபாய்.

அந்த அம்மையார் இன்னொன்றும் செய்தார். நோட்டீஸ் போர்டில் 3 பத்தி போட்டு ஒரு தாள் ஒட்டச் சொன்னார். நீங்கள் கேட்டது, நாங்கள் செய்தது, செய்ய முடியாதது ஏன். மூன்றாவது பத்திதான் ஆச்சரியம். 'லிஃப்ட்: இந்த வருடம் முடியாது, கட்டடத்தின் பழைய வரைபடப்படி இடமில்லை, பொதுப்பணித் துறைக்கு எழுதியிருக்கிறோம்' என்று இருந்தது. கிடைக்காது என்று எழுதி ஒட்டியதற்கு யாரும் கோபப்படவில்லை. மறுவருடம் வந்த படிவங்களில் எழுத்து கூடியிருந்தது. டிக் அடித்துவிட்டு ஓடாமல் பின்பக்கமும் திருப்பி எழுதியிருந்தார்கள். படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

சரி, இதெல்லாம் காகிதக் காலம். இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, யாரும் செருப்பால் தேய்க்க முடியாது என்பீர்கள். வாஸ்தவம். என் பேத்தி நகரத்தின் விளிம்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன செமஸ்டர் முடிவில் நானும் அவளும் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தோம். ஹலசூரில் ஏறினோம். ஃபோனை எடுத்துத் தட்டுகிறாள், தட்டுகிறாள், விரல் ஓயவில்லை. எம்.ஜி. ரோடு வருவதற்குள் முடித்து உள்ளே வைத்துவிட்டாள். என்னம்மா என்றேன். "ஃபீட்பேக் தாத்தா. 9 சப்ஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் 22 கேள்வி. இதைப் போட்டாத்தான் ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆகும். ஓ.டி.பி. மாதிரி."

இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அதற்குள் 198 கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 4. அதில் ஒரு பாடத்துக்கு செமஸ்டர் நடுவிலேயே ஆசிரியர் மாறிவிட்டார். திரையில் இருந்தது போனவரின் பெயர். அவருக்கும் 4. கடைசியில் 'உங்கள் ஆலோசனை' என்ற பெட்டியில் ஒரு முற்றுப்புள்ளி. அது காலியாக இருந்தால் உள்ளே விடாதாம்.

ஏன் கண்ணு, நிஜத்தைப் போடக்கூடாதா என்று கேட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். யூ.எஸ்.என். என்பது பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண். "யூ.எஸ்.என். போட்டு லாகின் பண்ணிருக்கேன் தாத்தா. இன்டர்னல்ஸ் மார்க் அவங்க கையிலதானே இருக்கு." பெயர் வெளியே தெரியாது என்று திரையில் எழுதியிருக்கிறதே என்றேன். "எழுதியிருக்கு" என்றாள்.

நான் 4 இரவு கண்விழித்துச் செய்ததை இப்போது பிள்ளைகளே 2 நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கையில் அழகான வண்ண வரைபடம் வருகிறது, சராசரி 3.8. எங்கள் கட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கனம் மட்டும்தான்.

நாக் அமைப்பைக் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. 1994-ல் தொடங்கிய அந்த அமைப்பின் தலைமையகமே நம்ம நாகரபாவியில் இருக்கிறது. விளக்கடியில் இருட்டு என்பது நமக்குத்தான் பொருந்துகிறது. 2017-ல் அவர்கள் திருத்தியமைத்த முறையில் கருத்துக் கேட்பதற்கு ஒரு படிக்கட்டு வைத்தார்கள். கருத்தே வாங்கவில்லை என்பது அடிப்படி. வாங்கியது, வாங்கி ஆராய்ந்தது, ஆராய்ந்து நடவடிக்கை எடுத்தது, கடைசியாக எடுத்த நடவடிக்கையை இணையதளத்தில் எல்லோரும் பார்க்க வைத்தது என்று ஒவ்வொரு படியாக மேலே போகும். அலுவலகத்தில் காகிதம் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நாம்தான் மேல்படிக்கு வேண்டிய காகிதத்தைத் தயாரித்துவிட்டு இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துகொண்டோம்.

அதே முறையில் இன்னொரு கருத்தாய்வும் உண்டு. கல்லூரி அனுப்பும் பட்டியலிலிருந்து மாணவர்களுக்கு நாக் அமைப்பே நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும். 21 கேள்வி. பாடத்திட்டத்தில் எத்தனை பங்கு வகுப்பில் முடிந்தது, ஆசிரியர்கள் தயாரித்துக்கொண்டு வருகிறார்களா, அகமதிப்பீடு நியாயமாக நடக்கிறதா, ஒப்படைப்புகளைத் திருத்திய பிறகு உங்களோடு பேசினார்களா என்று போகும். கடைசிக் கேள்வியில் 3 ஆலோசனைகளைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்வார்கள். பல்கலைக்கழகம் என்றால் மாணவர்களில் 10 சதவீதம் அல்லது 500 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது பதில் சொல்லவேண்டும். இது தொடங்குமுன் சில இடங்களில் வகுப்புக்கு வகுப்பு 'எப்படிப் பதில் சொல்லவேண்டும்' என்று ஓரியன்டேஷன் நடத்துவது எனக்குத் தெரியும். எங்கள் காலத்து செருப்புக் கால் இப்போது ப்ரொஜெக்டரோடு வந்திருக்கிறது.

2016 முதல் மத்திய அரசு வெளியிடும் தரவரிசையிலும் 'நற்பெயர்' என்று 100-க்கு 10 ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்காகக் கேட்பது வேலை தருகிறவர்களையும் பேராசிரியர்களையும். சாப்பிட்டவனை விட்டுவிட்டுப் பந்தி பார்த்தவனிடம் ருசி கேட்பது போல. ஆகவே மாணவனிடம் கேட்கும் அந்த ஓர் இடத்தையாவது நாம் கெடுக்காமல் வைத்திருக்கவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் பழைய சகாக்கள், ஆசிரியர்கள், என்னை மன்னிக்கமாட்டார்கள். மாணவன் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. எங்கள் உளவியல் ஆசிரியர் ஒருவர் அடிக்கடி ஒரு கதை சொல்வார், நிஜத்தில் நடந்தது. 1970-ல் அமெரிக்காவில் ஒரு நடிகருக்கு 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெயர் வைத்து, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் இருந்த அவையில் பேசவிட்டார்கள். பேச்சில் ஒரு சரக்கும் கிடையாது, முன்னுக்குப் பின் முரண், நகைச்சுவை, கைவீச்சு. கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு அதைவிடச் சங்கடமானது. ஓர் ஆன்லைன் பாடத்தில் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதை மாற்றிச் சொன்னார்கள். இரண்டு பெயரிலும் திருத்திய தாள்கள் ஒரே நேரத்தில் திரும்பி வந்தும், ஆண் பெயர் இருந்த இடத்தில் 'சீக்கிரம் தருகிறார்' என்று கூடுதலாக மதிப்பெண் விழுந்தது. அதே வேலை, அதே நேரம், பெயர் மட்டும் வேறு.

அதனால் சராசரியை வைத்து ஒருத்தர் சோற்றில் கைவைக்காதீர்கள். கௌரவ விரிவுரையாளர்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாதா? வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். 3.5-க்குக் கீழே போனால் அடுத்த வருடம் கிடையாது என்று ஒரு வாய்வார்த்தை கிளம்பினால் போதும், இன்டர்னல்ஸில் எல்லோருக்கும் முழு மார்க் விழும், கேள்வித்தாள் முன்கூட்டியே 'முக்கியக் கேள்விகள்' ஆகிவிடும். மதிப்பெண் ஏறும், படிப்பு இறங்கும்.

மாணவனுக்குத் தெரிவதை மாணவனிடம் கேட்கவேண்டும். பாடத்திட்டம் காலத்துக்கு ஏற்றதா என்று முதல் வருடப் பையனிடம் கேட்டு என்ன பயன்? அதை 3 வருடம் கழித்து, வேலைக்குப் போன பிறகு கேளுங்கள், கொட்டித் தீர்ப்பான். குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா, லேபில் 12 மைக்ராஸ்கோப்பில் எத்தனை வேலை செய்கிறது, விடைத்தாள் திரும்பி வந்ததா, வந்ததில் எங்கே தப்பு என்று எழுதியிருந்ததா, ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா? இதற்கெல்லாம் அவனைவிட நல்ல சாட்சி கிடையாது. நீங்கள் நியமிக்கும் எந்தக் குழுவும் வருடத்தில் 180 நாள் அந்த பெஞ்சில் உட்காரப் போவதில்லை.

இங்கிலாந்தில் 2005 முதல் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கடைசி வருட மாணவர்களிடம் ஒரே கேள்வித்தாளை வைத்துக் கேட்டு, முடிவைப் பாடப்பிரிவு வாரியாக வெளியிடுகிறார்கள். என் தம்பி மகன் அங்கே படித்தபோது சொன்னான். தொடக்க வருடங்களில் எல்லா இடத்திலும் மதிப்பெண் அடிபட்டது ஒரே இடத்தில்தானாம்: தாளைத் திருத்தித் தருவதும், எங்கே தப்பு என்று சொல்வதும். அதைப் பார்த்துத்தான் பல பல்கலைக்கழகங்கள் இத்தனை வாரத்துக்குள் திருத்திய தாள் மாணவன் கைக்கு வந்தாகவேண்டும் என்று கெடு வைத்தன. அதே ஆய்வைக் கட்டணம் ஏற்றும் திட்டத்தோடு முடிச்சுப் போட்டபோது, 2017-ல் மாணவர் சங்கங்களே புறக்கணிக்கச் சொன்னார்கள். சில பெரிய பல்கலைக்கழகங்களில் பாதிப் பேர்கூடப் பதில் சொல்லாததால் அந்த வருட முடிவையே வெளியிட முடியவில்லை. பதிலை வேறு எதற்கோ பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நம்ம பிள்ளைகள் 4 போடுகிறார்கள்.

சராசரியைப் பற்றி இன்னொன்று. அந்த கெமிஸ்ட்ரி அம்மையார் காலத்தில் ஒரு பொருளாதார வகுப்புக்கு 5-க்கு 3 வந்தது. சுமாரான ஆசிரியர் என்று யாரும் கடந்துபோயிருப்பார்கள். அம்மையார் தாள்களைப் பிரித்து அடுக்கச் சொன்னார். 3 போட்டவர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை! பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1. ஒன்று போட்டவர்கள் எழுதிய வரிகள் பெரும்பாலும் தமிழிலும் கன்னடத்திலும் இருந்தன. பள்ளி முழுக்கத் தாய்மொழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். பாடம் ஆங்கிலத்தில் ஓடியது, அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியர் நல்லவர், கேட்டதும் ஆடிப்போய்விட்டார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் 10 கலைச்சொல்லைக் கன்னடத்திலும் தமிழிலும் போர்டில் எழுதிவிட்டுத் தொடங்க ஆரம்பித்தார். தமிழ்ச் சொல்லுக்கு என்னிடம் வந்து நிற்பார். 'பணவீக்கம்' என்று நான் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு இன்றுவரை ஒரு சின்னக் கர்வம் உண்டு. 3 என்ற எண்ணுக்குள் இவ்வளவு இருந்தது. உங்கள் மென்பொருள் அதைப் பச்சை நிறத்தில் காட்டியிருக்கும்.

இதிலிருந்து உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை. செமஸ்டர் முடிந்து, பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவனிடம் கேட்காமல், 5-வது 6-வது வாரத்தில் கேளுங்கள். அப்போது கேட்டால் அவனுக்கே பலன் கிடைக்கும். இறுதியில் கேட்டால் அடுத்த பேட்ச்சுக்குத் தர்மம் செய்கிறான், 19 வயதில் எத்தனை பேருக்கு அந்த மனசு இருக்கும்? 22 கேள்வி வேண்டாம். எது நன்றாகப் போகிறது, எது புரியவில்லை, எதை மாற்றலாம் என்று 3 போதும். எந்த மொழியிலும் எழுதலாம் என்று மேலே போடுங்கள். ஹால் டிக்கெட்டையும் ஃபீட்பேக்கையும் கட்டிவைத்திருக்கும் கயிற்றை அறுத்துவிடுங்கள். பதில் குறையும், குறையட்டும். 60 பேர் வகுப்பில் 25 பேர் மனதாரச் சொன்னால் போதும், 60 நாலுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பெயர் தெரியாது என்று சொன்னால் நிஜமாகவே தெரியக்கூடாது. லாகின் செய்தவன் யார் என்ற விவரத்தையும் அவன் சொன்ன பதிலையும் ஒரே ஆள் பார்க்க முடியாதபடி வையுங்கள். இன்டர்னல்ஸ் மதிப்பெண் ஏற்றி முடித்த பிறகுதான் ஆசிரியர் கைக்கு அது போகவேண்டும். இடைக்கால ஆய்வில் அவருக்குத் தொகுப்பு மட்டும் போதும், வேறு துறைக்காரர் ஒருவர் படித்து எழுதிக் கொடுக்கட்டும். 5, 6 பேர் மட்டுமே இருக்கும் எம்.ஏ. வகுப்புகளில் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும், அங்கே படிவமே வேண்டாம், யாராவது மூத்த ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசலாம். அப்புறம் பாதியில் நின்றுபோனவர்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. டி.சி. வாங்க வரும்போது என் கவுண்டரில்தான் நின்றார்கள். நானும் கேட்டதில்லை. இனி அந்த கவுண்டரில் உட்காருகிறவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஏன் போகிறாய் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். முழுப் பல்கலைக்கழகத்திலும் அதைவிட உண்மையான கருத்துப் படிவம் வேறு கிடைக்காது.

மிக முக்கியமாக, 3 வாரத்துக்குள் அந்த 3 பத்தித் தாளை ஒட்டுங்கள். இணையதளத்தில் போடுவது நாக் அமைப்புக்கு. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது பிள்ளைகளுக்கு. இரண்டையும் செய்யுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். ஆசிரியர்கள் முதல் 5 நிமிடம் வகுப்பில் அதைப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

படிக்க ஆள் இல்லை என்பீர்கள், அது நிஜம்தான். உங்கள் பிரிவில் ஒரு ஒருங்கிணைப்பாளர், ஒரு கணினி, ஒரு ஒப்பந்த உதவியாளர், அவ்வளவுதான் பல இடங்களில். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த ஊரில் என்னைப்போல ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்கள், நூலகர்கள், பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ பேர் காலை நடை முடித்துவிட்டு அல்சூர் ஏரிக்கரையிலும் திருவள்ளுவர் சிலைப் பக்கத்திலும் அரசியல் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாம் எங்களுக்குள் இருக்கிறது. செமஸ்டருக்கு ஒருமுறை, 10 நாள், பெயர் நீக்கிய தாள்களை எங்கள் முன்னால் வையுங்கள். நாங்கள் எந்தத் துறைக்கும் வேண்டியவர்கள் இல்லை, வேண்டாதவர்களும் இல்லை. படித்து, தரம் பிரித்து, எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சம்பளம் வேண்டாம். வெளிச்சமான ஒரு அறையும் 11 மணிக்கு டீயும் போதும்.

எனக்கு இப்போது 68 வயது. கண்ணாடி போன மாதம்தான் மாற்றினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் அலுவலகக் கண்காணிப்பாளர்,
அல்சூர், பெங்களூரு